கொத்துற கோழியும் மூணு நாள் வாய்தாவும்

ஒரு ஊர்ல ஒரு செல்போன் வைத்தியச்சி இருந்தா. சிரிக்காத இனியா, நெஜமாத்தான். மனுஷாளுக்கு ஊசி போடறவ இல்ல, போனுக்கு ஊசி போடறவ. பேரு பொற்கொடி. பாலாத்தங்கரை ஊரு, பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்ல கடை. கண்ணாடி உடைஞ்ச போன், தண்ணில விழுந்த போன், கோவத்துல வீசி எறிஞ்ச போன், எது வந்தாலும் சரி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூதக்கண்ணாடியைக் கண்ல மாட்டிக்குவா, திருப்புளியை எடுப்பா, கிர்ர் கிர்ர்னு திருகுவா, டிங்குன்னு உசிரு வந்துடும். போன்ல அவளுக்குத் தெரியாத சூட்சுமமே கெடையாது.

ம் சொல்லணும். நீ ம் சொன்னாத்தான் கதை நடக்கும். இல்லன்னா அங்கேயே உக்காந்துக்கும்.

ம். ஆங், அப்படி.

அந்தப் பொற்கொடிக்கு மூணு பழைய சாமான் மேல கொள்ளை ஆசை. அவ பாட்டன் முப்பாட்டன் வெச்சுட்டுப் போனதுன்னு நெனைக்காத. ஞாயித்துக்கிழமை சந்தைல, சொந்தக் காசுல, ஒவ்வொண்ணாப் பேரம் பேசி வாங்கினது. மொதல்ல ஒரு சாவி குடுக்கற கடிகாரம். அதுக்குள்ள ஒரு மஞ்சக் கோழி. முள்ளு ஒரு தடவை நகர்ந்தா கோழி ஒரு தடவை தலையைக் குனிஞ்சு கொத்தும். டொக்... டொக்... டொக். ரெண்டாவது ஒரு ரேடியோ, செங்கல் அளவுக்கு இருக்கும், பக்கத்துல ஒரு சக்கரம், திருகினா கர்ர்ர்... குய்ய்ய்... அப்புறம் பாட்டு. மூணாவது ஒரு படக்கண்ணாடி. ரெண்டு கண்ணையும் வெச்சுப் பார்த்துக்கிட்டே பக்கத்துல இருக்கற பிடியை அமுக்கினா, க்ளக், யானை. இன்னொரு க்ளக், ஒட்டகச்சிவிங்கி.

கைல போன் இருக்கறப்ப இதெல்லாம் எதுக்குன்னுதானே கேக்கற? அவ ஒண்ணை வெச்சுக்கிட்டு இன்னொண்ணை விடறவ இல்ல. காலைல கோழி எழுப்பும், போன்ல பஸ் எங்க வருதுன்னு பார்ப்பா. ரேடியோ பாடும், போன்ல அம்மாவோட மூஞ்சியைப் பார்த்துப் பேசுவா. தோசையும் பிடிக்கும், நூடுல்சும் பிடிக்கும்னா யாராவது சண்டைக்கு வருவாங்களா? அப்படித்தான் இருந்தா.

அப்புறம் அவளுக்குக் கல்யாணம் ஆச்சு. மாப்பிள்ளை சுகுமாரு, ரயில்வே பட்டறைல வேலை, தங்கமான பையன். ஆனா அம்மா ஒண்ணு சொன்னாலும் தலையாட்டுவான், பொண்டாட்டி ஒண்ணு சொன்னாலும் தலையாட்டுவான். கழுத்து வலிக்காதான்னு கேட்டா அதுக்கும் தலையாட்டுவான்.

அவன் அம்மா இருக்காளே, மங்கையர்க்கரசி. பேருக்கேத்த அரசிதான். அவ வீட்ல எல்லாம் புதுசு. கை தட்டினா லைட்டு எரியும். தரையை ஒரு தட்டை மிஷின் தானே பெருக்கும், கொய்ய்ங்குன்னு போகும், சுவத்துல முட்டும், டொம், திரும்பும். கூடத்துல ஒரு உருண்டை இருக்கும், "ஏ உருண்டை, மணி என்ன?"ன்னா மணி சொல்லும். அந்த வீட்டுக்கு அவ போட்ட சட்டம் ஒண்ணே ஒண்ணு. ஒரு வேலைக்கு ஒரு சாமான். ரெண்டாவது சாமான் வாசப்படி ஏறக்கூடாது. கரண்டி கூட ஒவ்வொரு வேலைக்கும் ஒண்ணுதான்னா பார்த்துக்கோ!

பொற்கொடி என்ன பண்ணுவா? மூணு சாமானையும் துணி சுத்திக் கட்டிலுக்கு அடியில, டிரங்குப் பெட்டிக்குள்ள வெச்சுட்டா. அஞ்சு மாசம். மாமியார் கடைத்தெருவுக்குப் போற நேரம் பார்த்து எடுப்பா, கொஞ்ச நேரம் சாவி குடுத்துக் கேப்பா, மறுபடி உள்ள வெச்சுடுவா. சொந்த வீட்ல திருடி மாதிரி. அவளுக்கு அது பிடிக்கவே இல்ல. ஒரு நாள் என்ன ஆச்சு, பெருக்கற மிஷின் கட்டிலுக்கு அடியில போய் பெட்டியை முட்டிக்கிட்டே நின்னுச்சு. டொம். டொம். டொம். அரசியம்மா குனிஞ்சு பார்த்தா. பெட்டியை இழுத்தா. தொறந்தா.

"இது என்னம்மா, சந்தைக்கடையா?"ன்னா.

"என்னோடது அத்த."

"மணிக்கு உருண்டை இருக்கு. பாட்டுக்கு உருண்டை இருக்கு. படத்துக்கு டிவி இருக்கு. இது எதுக்கு? வர்ற போகியோட இதெல்லாம் வெளிய போயிடணும். பழசு வீட்ல தங்கக்கூடாது."

போகின்னா உனக்குத் தெரியுமில்ல? பொங்கலுக்கு மொத நாளு. பழம்பாய், பிஞ்ச தொடப்பம்னு எரியறதெல்லாம் நெருப்புக்கு. எரியாததெல்லாம் பழைய இரும்புக்காரருக்கு. அந்த ஊர்ல விடிஞ்சும் விடியாததுமா அவரு தள்ளுவண்டியோட வாசல்ல வந்து நின்னுடுவாரு.

பொற்கொடி அழல. அழறவளா அவ? நேரா நிமிந்து பார்த்து, "அத்த, போகிக்கு இன்னும் நாலு நாள் இருக்கு. ஒரு சாமானுக்கு ஒரு நாளு, மூணு நாள் வாய்தா குடுங்க. நீங்களே பக்கத்துல வெச்சுப் பாருங்க. சாயந்தரம் நீங்களே தீர்ப்பு சொல்லுங்க. தோத்துப் போச்சுன்னு சொன்னீங்கன்னா நானே என் கையால வாசல்ல வெச்சுடறேன்"னா.

அரசியம்மாவுக்கு இது பிடிச்சிருந்துச்சு. தீர்ப்பு சொல்றதுன்னா அவளுக்குச் சக்கரைப் பொங்கல். "சரி"ன்னா. சுகுமாரும் தலையாட்டினான்.

பாரு இனியா, அவளுக்கு அது வெறும் கோழி இல்ல. இந்த வீட்ல எனக்குப் பிடிச்சதுன்னு ஒண்ணு வெளிச்சத்துல இருக்கலாமா, இல்ல ஆயுசு பூரா கட்டிலுக்கு அடியிலதானா? அதுதான் அவளோட கேள்வி. ஆனா பயப்படல. கோழி மேல அவ்வளவு நம்பிக்கை.

ம்?

ம்.

மொத நாள் கோழியோட முறை. முந்தின சாயந்தரமே பொற்கொடி அதைக் கடைக்குக் கொண்டு போனா. நல்லாத் துடைச்சா, பளபளன்னு ஆக்கினா, மேஜை மேல வெச்சா. எங்க வெச்சா தெரியுமா? போன் பிரிக்கறப்ப குட்டிக் குட்டி ஸ்க்ரூ உருண்டு ஓடாம ஒட்டிக்கறதுக்கு ஒரு காந்தப் பலகை வெச்சிருப்பா இல்ல, அது மேல! போன் வைத்தியச்சிக்குக் கை பழக்கம். பிரிக்கற சாமானா இருந்தா கண்ணை மூடிக்கிட்டு அந்தப் பலகை மேலதான் வைப்பா. கோழிக்கு வயித்துக்குள்ள மயிரிழை மாதிரி ஒரு ஸ்பிரிங் இருக்கே, அது காந்தம் புடிச்சுக்கிச்சு. அவளுக்குத் தெரியல.

காலைல சமையல்கட்டுல வெச்சாங்க. டொக்... டொக்... கொஞ்ச நேரம் போச்சு. டொக் டொக் டொக். இன்னும் கொஞ்ச நேரம். டொக்டொக்டொக்டொக்! பேய் புடிச்ச மாதிரி கோழி கொத்துது, முள்ளு ஓடுது. அரசியம்மா வாயைப் பொத்திக்கிட்டு அதையே பார்க்கறா. எப்பவும் உருண்டையை மணி கேக்கறவ, அன்னைக்குன்னு பார்த்து கேக்க மறந்துட்டா. கோழி ஒரு மணின்னு காட்டுது, இவ "ஒரு மணி ஆயிடுச்சே"ன்னு எலை போட்டுட்டா, சோத்தைப் போட்டு சாம்பாரும் ஊத்திட்டா. சுகுமாருக்கு அன்னைக்கு லீவு. எலை முன்னாடி உக்காந்து, "அம்மா, இட்லியே இன்னும் எறங்கல"ன்னான்.

"ஏ உருண்டை, மணி என்ன?"

"பதினொன்று பத்து."

அவ்வளவுதான். அரசியம்மா இடுப்புல கை வெச்சா. பொற்கொடி சேதி கேட்டுக் கடைலேந்து ஓடி வந்து பின்பக்கத்தைக் கழட்டிப் பார்த்தா, ஒரு ஸ்க்ரூவைப் பக்கத்துல கொண்டு போனா, டிக்குனு ஸ்பிரிங்ல போய் ஒட்டுது! நெத்தில அடிச்சுக்கிட்டா. "அத்த, தப்பு கோழி மேல இல்ல. நான்தான் காந்தத்து மேல வெச்சுட்டேன், ஸ்பிரிங் சுருளு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு வேகமா ஓடுது."

"தப்பு உன்னுதா கோழியோடதான்னு போகிக்குத் தெரியாது. பதினொரு மணிக்குச் சோறு போட வெச்சுது இல்ல? தோத்துடுச்சு."

பொய் சொல்லி இருக்கலாம். உருண்டைதான் மெதுவா ஓடுதுன்னு கூட சொல்லி இருக்கலாம். அவ சொல்லல. கடைக்குப் போனா, காந்தம் எறக்கற சின்ன டப்பா ஒண்ணு இருக்கு, அதுல ரெண்டு தடவை காட்டினா, கோழி பழையபடி சமத்தா டொக்... டொக்னு கொத்த ஆரம்பிச்சுடுச்சு. ஆனா தீர்ப்பு தீர்ப்புதான்.

ஒண்ணு போச்சு. அப்புறம் ரெண்டாவது நாளு. ரேடியோ.

கூடத்துல வெச்சா. சக்கரத்தைத் திருகினா. கர்ர்ர்ர். இந்தப் பக்கம் திருகினா. கொர்ர்ர்ர். அரசியம்மா வீடு முழுக்கத் தானா எரியற லைட்டு, தானா ஓடற மிஷின், நாலு சார்ஜர். அது அத்தனையும் சேர்ந்து ரேடியோ காதுக்குள்ள கூச்சல் போடுது. பாவம், அதுக்கு என்ன கேக்கும்?

அப்போ உருண்டை கிட்ட அரசியம்மா, "ஏ உருண்டை, ஒரு பாட்டுப் போடு"ன்னா. டக்குனு பாடிச்சு. "பார்த்தியா?"ன்னா.

"மொட்டை மாடிக்கு வாங்க அத்த"ன்னா பொற்கொடி. மாடில வெய்யில்ல வடாம் காயுது. காக்கா ஓட்டற குச்சியோட அரசியம்மா முக்காலில உக்காந்தா. பொற்கொடி சக்கரத்தைத் திருகினா. கர்ர்ர்... குய்ய்ய்... தெளிவா, தண்ணி மாதிரி, ஒரு பாட்டு! அது முடிஞ்சதும் ஒரு பொம்பளக் குரல், "அடுத்து வருவது..."ன்னுச்சு, கொர்ர், மீதி கேக்கல.

"என்ன வருதாம்?"ன்னா அரசியம்மா.

"தெரியல அத்த. வந்தாத்தான் தெரியும்."

"என்ன சாமானோ! அடுத்து என்ன வரும்னே தெரியாம ஒருத்தி உக்காந்திருப்பாளா?"

ஆனா உக்காந்திருந்தா! அந்தப் பாட்டு வந்துச்சு, அதுக்கப்புறம் இன்னொண்ணு. அப்புறம் வயலும் வாழ்வும் பத்தி ஒருத்தர் பேச வந்தாரு, கத்திரிக்காய்ல புழு வந்தா என்ன பண்ணணும்னு. அந்த வீட்ல ஒரு கத்திரிச் செடி கூடக் கெடையாது. அரசியம்மா கன்னத்துல கை வெச்சுக் கேக்கறா! "வேப்பெண்ணெயா? எத்தனை சொட்டு?"ங்கறா ரேடியோவைப் பார்த்து. அது பதில் சொல்லுமா? பின்னாடி காக்கா ஒண்ணு வடாமைத் தூக்கிக்கிட்டுப் போகுது, இவளுக்குத் தெரியல.

சாயந்தரம் பொற்கொடி வந்து கேட்டா, "தீர்ப்பு அத்த?"

அரசியம்மா தொண்டையைச் செருமினா. "மாடில பாடிச்சு, ஒத்துக்கறேன். ஆனா வீட்டுக்குள்ள பாடல. வீடுதானே பேச்சு? தோத்துடுச்சு."

நியாயமாத்தான் இருந்துச்சு. பொற்கொடி சரின்னுட்டா.

தூங்கிட்டியா? இல்லையா? கண்ணு ரெண்டும் மூடியிருக்கு, காது மட்டும் தெறந்திருக்கோ? கள்ளி. சரி, மூணாவதையும் கேளு.

மூணாவது நாளு படக்கண்ணாடி. அதுல மொத்தம் ஏழே படம். அரசியம்மா கைல குடுத்தா. "எதைப் பார்க்கறது?" "கண்ணை வெச்சு சன்னல் பக்கம் திரும்புங்க அத்த. பிடியை அமுக்குங்க." க்ளக். யானை! சும்மா படமா தெரியல, தும்பிக்கை முன்னாடி நீட்டிக்கிட்டு வருது. அரசியம்மா ஒரு கையைக் காத்துல நீட்டித் தும்பிக்கையைத் தடவப் பார்த்தா. யாரும் பார்க்கலைன்னு நெனப்பு. சுகுமாரு பார்த்துட்டான், தலையை ஆட்டாம கமுக்கமா சிரிச்சுக்கிட்டான். க்ளக், ஒட்டகச்சிவிங்கி. க்ளக், சிங்கம் கொட்டாவி. க்ளக், க்ளக், க்ளக், க்ளக். ஏழு முடிஞ்சா திரும்ப யானை. பெருக்கற மிஷின் வந்து கால்ல முட்டுது, டொம். "அந்தாண்ட போ"ன்னா. மறுபடி ஏழு. எதிர்வீட்டு அம்மா மோர் கேட்டு வந்தா, "இரும்மா, சிங்கம் வரட்டும்"னா. நாலு சுத்து பார்த்தா இனியா! நாலேழு எத்தனை?

இருபத்தெட்டு. தூக்கத்துலயும் கணக்கு வருதே உனக்கு.

இருபத்தெட்டு தடவை க்ளக். அப்புறம் கீழ வெச்சுட்டு, மூஞ்சியை உர்ருன்னு ஆக்கிக்கிட்டு, "போன்ல கோடிப் படம் இருக்கு. இதுல ஏழு. கோடி எங்க, ஏழு எங்க? தோத்துடுச்சு"ன்னா. ஆனா குரல்ல பழைய கம்பீரம் இல்ல. சொல்லிட்டுப் போனவ கதவு வரைக்கும் போய் ஒரு தடவை திரும்பிப் பார்த்தா.

மூணும் தோத்துடுச்சு. அன்னைக்குப் பொற்கொடிக்கு மனசு வலிச்சுது. பொய் எதுக்கு, நல்லாவே வலிச்சுது. புருஷன் கிட்ட சொன்னா, "நான் ஒரு மடச்சி. கோழியைப் போனோட பந்தயம் விட்டுட்டேன். போன் ஜெயிக்கத்தானே செய்யும்? அதை ரிப்பேர் பண்றவ நான், எனக்குத் தெரியாதா?"

"அம்மா கிட்ட நான் வேணா பேசட்டா?"ன்னான் சுகுமாரு. கல்யாணம் ஆகி மொத தடவையா தலையாட்டாம பொண்டாட்டிக்காக வாயைத் தொறந்தான்.

"வேணாம். வாக்கு நான்தான் குடுத்தேன்."

விடிஞ்சுது போகி. டண்டணக்கு டண்டணக்குன்னு தெருவெல்லாம் பசங்க போகி மேளம். புகை மண்டுது. பழைய இரும்புக்காரரு வாசல்ல வந்து நின்னுட்டாரு. பொற்கொடி குளிச்சுட்டு, பொட்டு வெச்சுக்கிட்டு, மூணு சாமானையும் கையில ஏந்திக்கிட்டு வந்தா. கோழிக்குச் சாவி குடுத்திருந்தா. போறதுன்னா உசிரோட போகட்டும்னு. வாசல்ல வரிசையா வெச்சா. டொக்... டொக்... டொக்.

"எடுத்துக்கட்டாம்மா?"ன்னாரு இரும்புக்காரரு.

அரசியம்மா நிலைப்படியில நிக்கறா. கோழியைப் பார்க்கறா. மருமகளைப் பார்க்கறா. அவளுக்கும் விட மனசில்ல. ஆனா தீர்ப்பு சொன்னது அவ, சட்டம் போட்டது அவ. எப்படி வாயால மாத்திச் சொல்றது? ஊர் சிரிக்காதா?

"ஏம்மா பொற்கொடி, ஒரு வார்த்தை கெஞ்ச மாட்டியா?"ன்னா.

"தோத்ததுக்கு எதுக்கு அத்த கெஞ்சணும்?"

"சரி, இதை மட்டும் சொல்லு. தோத்தது தோத்துடுச்சு. இந்த மூணையும் எந்த வேலைக்குன்னு வாங்கினே?"

பொற்கொடி ஒரு நிமிஷம் யோசிச்சா. மூணு நாளா, மணி காட்டும், பாட்டுப் பாடும், படம் காட்டும்னு சொல்லிச் சொல்லித்தானே தோத்தா? இப்போ உள்ளதைச் சொல்லிட்டா. "வேலைக்குன்னு வாங்கல அத்த. மணி பார்க்கறது போன்லதான். வேணும்ங்கற பாட்டுக் கேக்கறதும் போன்லதான். இதுங்க ஒரு வேலையும் செய்யாது. கோழி கொத்துறதைப் பார்த்தா எனக்குச் சந்தோஷமா இருக்கும். அடுத்த பாட்டு என்னன்னு தெரியாம உக்காந்திருந்தா சந்தோஷமா இருக்கும். அவ்வளவுதான்."

"ஒரு வேலையும் செய்யாதா?"

"செய்யாது."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. ஒரு வேலை கூட?"

"ஒண்ணு கூட இல்ல அத்த."

அப்போ அரசியம்மா மூஞ்சி பளிச்சுனு ஆச்சு பாரு! படி எறங்கி வாசலுக்கே வந்துட்டா. தெரு பூரா கேக்கற மாதிரி சொன்னா, "என் சட்டம் என்ன? ஒரு வேலைக்கு ஒரு சாமான். வேலை செய்யற சாமானுக்குத்தானே அந்தச் சட்டம்? வேலையே செய்யாததுக்கு அது எப்படிச் செல்லும்? மூணு நாளா தப்பான கேஸை விசாரிச்சிருக்கேன்! கேஸ் தள்ளுபடி!"

இரும்புக்காரரு ஒண்ணும் புரியாம கோழி மேல கை வெச்சாரு.

"கையை எடுய்யா!"ன்னு ஒரு அதட்டு போட்டா அரசியம்மா. அவரு ரெண்டடி தாவிப் பின்னாடி போனாரு. இவ கோழியைத் தூக்கி முந்தானையால துடைச்சு இடுப்புல வெச்சுக்கிட்டா, குழந்தையை வெச்சுக்கற மாதிரி. "கூடத்துலதான் இருக்கணும், கட்டிலுக்கு அடியில வெக்கற வேலையெல்லாம் வேணாம். படக்கண்ணாடி சன்னல் பக்கத்துல. ரேடியோ மாடிக்கு, வடாம் காயறப்ப. ஒண்ணு சொல்லிட்டேன், ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாவி நான்தான் குடுப்பேன்."

"எட்டு திருகுதான் அத்த. ஒன்பதாவது திருகினா ஸ்பிரிங் அறுந்துடும்."

"எனக்கு எண்ணத் தெரியாதா? அதுக்கு நான் உருண்டையைக் கேக்க வேண்டியதில்ல."

பொற்கொடிக்குச் சிரிப்பும் வந்துச்சு, கண்ணுல தண்ணியும் வந்துச்சு. அஞ்சு மாசமா அழாதவ அப்போ அழுதா. சந்தோஷத்துல அழறதுக்கு வெக்கம் என்ன? சுகுமாரு எதுக்கும் தலையாட்டாம பக்கத்துல வந்து நின்னுக்கிட்டான்.

இரும்புக்காரரு காலித் தராசைத் தூக்கிக்கிட்டு, "அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையாம்மா?"ன்னாரு.

பொற்கொடி கண்ணைத் துடைச்சுக்கிட்டா. அந்த வீட்டுக்கு வந்த நாள்லேந்து, கேட்டவங்க கிட்டயெல்லாம் 'அவங்க வீடு, அவங்க வீடு'ன்னேதான் சொல்லிக்கிட்டிருந்தா. அன்னைக்கு நிமிந்து நின்னு சொன்னா:

"எங்க வீட்ல வெளிய போடறதுக்கு ஒண்ணும் இல்லண்ணா."

ம்?

ம் கூட வரலையா? சரி சரி. கதை ஊரு போய்ச் சேர்ந்துடுச்சு, நீயும் போய்ச் சேரு கண்ணு. பெரியம்மா போர்த்தி விடறேன்.